இரும்புக்கை மாயாவி திரைக்கு வந்தால்

இரும்புக்கை மாயாவி என்று தமிழ் வாசகர்கள் அறிந்த லூயிஸ் கிராண்டேல் பிறந்த இடம் லண்டன். 1962 அக்டோபர் 6ஆம் தேதி வெளியான ‘வேலியண்ட்’ வார இதழின் முதல் இதழிலேயே அவன் கதை தொடங்கிவிட்டது. பிளீட்வே நிறுவனம் சிறுவர்களுக்காக நடத்திய இதழ் அது. முதல் கதையை எழுதியவர் விஞ்ஞானப் புனைகதை எழுத்தாளர் கென் பல்மர். படம் வரைந்தவர் பார்சிலோனாவில் பிறந்த ஹெசூஸ் பிளாஸ்கோ. கதைப்படி, பேராசிரியர் பாரிங்கரின் ஆய்வுக்கூடத்தில் கிராண்டேல் ஓர் உதவியாளன். முன்பு நடந்த விபத்தொன்றில் வலக்கையை இழந்து எஃகுக் கை பொருத்திக்கொண்டவன். ஆய்வுக்கூடத்தில் நேரும் இன்னொரு விபத்தில் உயர் அழுத்த மின்சாரம் அவன்மீது பாய்கிறது. உடல் மறைகிறது, உடுத்திய துணியும் மறைகிறது, எஃகுக் கை மட்டும் மறையாமல் அந்தரத்தில் நிற்கிறது. சிறிது நேரத்தில் மின்சாரத்தின் வேகம் தணிந்ததும் உருவம் திரும்பிவிடும். மறுபடி மறைய வேண்டுமானால் மறுபடி மின்சாரத்தைத் தொட வேண்டும்.

இவ்வளவுதான் அவன் சக்தி. பறக்கத் தெரியாது, மலையைப் பெயர்க்கத் தெரியாது. இருந்தும் படமாக்கத் தகுந்த நாயகர்களின் பட்டியலில் இவனுக்கு முன்வரிசையில் இடம் உண்டு. மறைகிறவனிடம் மறைக்க முடியாத ஒன்று இருக்கிறது என்பதே காரணம். நல்ல சித்திரக்கதை நாயகன் ஒவ்வொருவனையும் ஒரு கட்டுப்பாடு உருவாக்கியிருக்கும். படம் எடுப்பவர் அந்தக் கட்டுப்பாட்டை இறுகப் பற்றிக்கொண்டால் மற்றவை தாமாக அமையும்; விட்டுவிட்டால் எத்தனை கோடி கொட்டினாலும் உருப்படாது.

இதற்கு ஒரே நாயகனை வைத்து எடுத்த இரண்டு படங்களே சாட்சி. மாயாவி வெளிவந்த அதே பிரிட்டிஷ் பதிப்பக மரபில் 1977இல் ‘2000 ஏடி’ இதழில் பிறந்தவன் ஜட்ஜ் டிரெட். சித்திரக்கதையில் அவன் தலைக்கவசத்தைக் கழற்றி முகம் காட்டுவதே இல்லை. சட்டத்துக்கு முகம் கிடையாது என்பது அந்தக் கதையின் அடிப்படை. 1995இல் சில்வஸ்டர் ஸ்டாலோன் நடித்த படத்தில் கவசம் சீக்கிரமே கழன்றது. நட்சத்திரத்தின் முகத்தை மூடி வைக்கத் தயாரிப்பாளர்களுக்கு மனம் வரவில்லை போலும். அத்துடன் டிரெட்டும் கழன்றுவிட்டான். 2012இல் அலெக்ஸ் கார்லண்ட் திரைக்கதையில் வந்த ‘டிரெட்’ படத்தில் கார்ல் அர்பன் கடைசிவரை கவசத்தோடே நடித்தார். தாடையையும் குரலையும் வைத்தே பாத்திரத்தை நிறுத்தினார். கதை முழுவதும் ஒரே அடுக்குமாடிக் கட்டடத்துக்குள் ஒரே நாளில் முடிகிறது. திரையரங்கில் அந்தப் படம் வசூலில் தோற்றது உண்மை. தழுவல் என்ற முறையில் முந்தைய படம் அதன் பக்கத்தில்கூட நிற்க முடியாது.

எதிர்த்திசையிலும் ஒரு பள்ளம் உண்டு. 2009இல் ஜாக் ஸ்னைடர் எடுத்த ‘வாட்ச்மென்’ மூலச் சித்திரக்கதையின் கட்டங்களை ஏறக்குறைய அப்படியே திரைக்கு நகர்த்தியது. கட்டம் அசையாமல் நிற்பதால் வாசகன் தன் வேகத்தில் நின்று பார்த்த ஒரு காட்சி, திரையில் இரண்டு நொடியில் கடந்துபோகிறது. பிளாஸ்கோவின் படங்களை அப்படி நகலெடுத்தாலும் இதே கதிதான். அவர் கோடுகளில் ஈரம் படிந்த தெரு தெரியும், மேல்கோட்டின் மடிப்பு தெரியும், அச்சத்தில் திறந்த வாய் தெரியும். இவை எல்லாம் சேர்ந்து தந்த நம்பகத்தன்மையைத்தான் திரைக்குக் கொண்டுவர வேண்டும், கட்டங்களை அல்ல.

எந்தக் கதையைப் படமாக்குவது என்பது அடுத்த கேள்வி. 1972இல் சிவகாசியிலிருந்து மு. சௌந்திரபாண்டியன் தொடங்கிய முத்து காமிக்ஸின் முதல் வெளியீடே ‘இரும்புக்கை மாயாவி’தான். பாம்புத் தீவு, உறைபனி மர்மம், நாச அலைகள் என்று தொடர்ந்து வந்த புத்தகங்களில் தமிழ்ச் சிறுவர்கள் கண்ட மாயாவி பெரும்பாலும் நல்லவன். நிழல் படை என்ற ரகசிய அமைப்பின் உளவாளி. விரலில் துப்பாக்கியும் உள்ளங்கையில் வேறு கருவிகளும் ஏந்தி உலகைக் காப்பாற்றுகிறவன். வாடகை நூல்நிலையத்தில் அட்டை கிழிந்த புத்தகத்தைக் காத்திருந்து வாங்கிப் படித்த தலைமுறையின் மனத்தில் நிற்பது இந்த உளவாளிதான். படம் என்றதும் அவர்கள் எதிர்பார்ப்பதும் இவனைத்தான்.

ஆனால் முதல் கதையின் கிராண்டேல் திருடன். கண்ணுக்குத் தெரியாமல் போனதும் அவன் முதலில் நினைத்தது ஊருக்கு நன்மை செய்வதை அல்ல. பணத்தைத்தான் தேடிப் போகிறான். அங்கிருந்து படிப்படியாக ஏறி, நியூயார்க் நகரையே மிரட்டும் அளவுக்குப் போகிறான். பிறகுதான் மனம் மாறுகிறான். அதே 1962 கோடையில் அமெரிக்காவில் பிறந்த ஸ்பைடர்மேனும் தொடக்கத்தில் தன் சக்தியைக் காசாக்கத்தான் பார்த்தான். அவனுக்கு ஒரே அத்தியாயத்தில் பாடம் கிடைத்துவிட்டது. கிராண்டேலுக்குப் பல மாதங்கள் பிடித்தன. சிறுவர் இதழ் ஒன்று தன் தலைப்பு நாயகனை அத்தனை வாரங்கள் குற்றவாளியாகவே வைத்திருந்தது அபூர்வம். படத்துக்கு உரிய கதை அதுவே. நிழல் படைக் கதைகளைத் தொட்டால் அது இன்னொரு ஜேம்ஸ் பாண்டு படமாகிவிடும். அதற்கு ஏற்கெனவே ஆள் இருக்கிறது.

பாண்டுக்கும் மாயாவிக்கும் உள்ள உறவு வெறும் ஒப்புமை அல்ல. முதல் பாண்டு படமான ‘டாக்டர் நோ’ லண்டனில் வெளியானது 1962 அக்டோபர் 5ஆம் தேதி, ‘வேலியண்ட்’ முதல் இதழுக்கு முந்தைய நாள். பீட்டில்ஸ் குழுவின் முதல் இசைத்தட்டு வந்ததும் அதே 5ஆம் தேதி. பதினோரு நாட்கள் கழித்துக் கியூபா ஏவுகணை நெருக்கடி தொடங்கியது. ஒரு நகரத்தை ஒரே ஆள் அழித்துவிட முடியும் என்ற அச்சம் அன்று செய்தித்தாளின் முதல் பக்கத்தில் இருந்தது. ஆகவே கதையை இன்றைய காலத்துக்கு இழுத்துவருவது வீண் வேலை. இன்றைய லண்டனில் முக்குக்கு முக்கு கண்காணிப்புக் கேமரா இருக்கிறது. அந்தரத்தில் மிதக்கும் கையைப் பத்து பேர் கைபேசியில் படம் பிடித்துப் போட்டுவிடுவார்கள். 1962இல் அதைப் பார்த்தவன் சொன்னால் குடித்திருக்கிறான் என்பார்கள். கண்டவர் சொல்வதை ஊர் நம்பாது என்பதில்தான் கதையின் முதல் பாதி ஓடுகிறது.

அந்த ஆண்டின் வானிலையும் படத்துக்கு உதவி செய்கிறது. 1962 டிசம்பர் தொடக்கத்தில் நிலக்கரிப் புகையும் மூடுபனியும் கலந்த நச்சுப்பனி லண்டனைச் சில நாட்கள் மூடியது. மாதக் கடைசியில் பனி கொட்டத் தொடங்கியது. 1740க்குப் பிறகு இங்கிலாந்து கண்ட மிகக் கடுங்குளிர்காலம் அது. கண்ணுக்குத் தெரியாத மனிதனுக்கு இந்த இரண்டுமே பகை. புகைமூட்டத்தில் அவன் நடந்தால் மனித வடிவில் ஒரு வெற்றிடம் நகரும். பனியில் நடந்தால் காலடி பதியும். பனித் தடத்தை வைத்து மறைந்த மனிதனைப் பிடிப்பது எச்.ஜி. வெல்ஸின் நாவலைத் தழுவிய 1933 படத்திலேயே வந்துவிட்டது என்பதால் இங்கே அதை உச்சக்கட்டமாக வைக்காமல், அவன் வெளியே போக முடியாமல் அடைந்து கிடக்கும் காரணமாக மட்டும் பயன்படுத்தலாம். ஒரு திருடன் தன் அறைச் சன்னல் வழியே பனியை வெறுப்போடு பார்த்துக்கொண்டிருப்பது புதிய காட்சி.

மின்சாரம்தான் இந்தக் கதையின் எரிபொருள், போதையும் அதுவே. சித்திரக்கதையில் அவன் மின்சாரத்தைத் தொட்டுவிட்டு அடுத்த கட்டத்தில் மறைந்துவிடுவான். திரையில் அதற்கு ஒரு விலை இருக்க வேண்டும். முதல் தடவை வீட்டுச் சுவரின் 240 வோல்ட் போதும். உடம்பு பழகப் பழக அதே மின்சாரம் குறைந்த நேரமே தாங்கும். அடுத்து தொழிற்சாலை இணைப்பு, அதற்கடுத்து சுரங்க ரயிலின் தண்டவாளம். லண்டன் சுரங்க ரயிலில் சக்கரம் ஓடும் இரண்டு தண்டவாளங்களோடு மின்சாரத்துக்கென்று தனியாக இரண்டு உண்டு. அவற்றுக்கிடையே 630 வோல்ட் நேர்திசை மின்சாரம். நள்ளிரவில் கடைசி ரயில் போன பிறகு, பழுதுபார்க்கும் ஆட்கள் இறங்குவதற்காக அந்த மின்சாரத்தை நிறுத்திவிடுவார்கள்.

இந்த ஒரு தகவலே ஒரு காட்சியைத் தருகிறது. கிராண்டேல் ஆளற்ற நடைமேடையில் நிற்கிறான். உருவம் திரும்பத் தொடங்கிவிட்டது. தோள் நிழலாகத் தெரிகிறது. படியில் போலீஸ்காரரின் பூட்ஸ் ஒலி. கடைசி ரயிலின் சிவப்பு விளக்கு சுரங்கத்துக்குள் சிறுத்துக்கொண்டே போகிறது. மின்சாரம் இன்னும் இருக்கிறதா, நிறுத்திவிட்டார்களா என்பது அவனுக்குத் தெரியாது. பார்வையாளருக்கும் தெரியாது. குப்புறப் படுத்து, எஃகுக் கையைத் தண்டவாளத்தை நோக்கி நீட்டுகிறான். விரல் நுனிக்கும் இரும்புக்கும் இடையே ஓர் அங்குலம். இங்கே பின்னணி இசை எதற்கு? சொட்டும் தண்ணீரின் ஒலி போதும்.

அதே குளிர்காலத்தில் மின்தேவை எகிறி லண்டனில் மின்வெட்டும் நேர்ந்தது. மறைவதற்கு மின்சாரத்தை நம்பியிருப்பவனுக்கு இதைவிடப் பெரிய எதிரி இல்லை. தமிழ்நாட்டுப் பார்வையாளருக்கு மின்வெட்டின் மகிமையை யாரும் விளக்க வேண்டியிருக்காது.

மறைந்த மனிதனைத் திரையில் காட்டும் கலைக்கு நெடிய வரலாறு இருக்கிறது. எச்.ஜி. வெல்ஸ் 1897இல் எழுதிய நாவலை ஜேம்ஸ் வேல் 1933இல் படமாக்கினார். தந்திரக் காட்சிகளை அமைத்தவர் ஜான் ஃபுல்டன். நடிகரின் தலை, கை எல்லாவற்றையும் கறுப்பு வெல்வெட்டால் மூடி, அதன்மேல் சட்டை போட்டு, கறுப்பு வெல்வெட் போர்த்திய அரங்கில் நடிக்க வைத்தார்கள். கறுப்பின்மேல் கறுப்பு படத்தில் பதியாது. சட்டை மட்டும் தானாக நடக்கும். அதைத் தனியே எடுத்த பின்னணியோடு இணைத்தார்கள். மிச்சமிருந்த பிசிறுகளை ஒவ்வொரு சட்டகமாகத் தூரிகையால் சரிசெய்தார்கள். இந்தியாவில் சேகர் கபூரின் ‘மிஸ்டர் இந்தியா’ 1987இல் வந்தது. 1989இல் பாக்யராஜ் நடிப்பில் ‘என் ரத்தத்தின் ரத்தமே’ என்று தமிழுக்கும் வந்தது. சிவப்பு வெளிச்சம் பட்டால் மறைந்தவன் தெரிந்துவிடுவான் என்ற அந்தக் கதையின் விதி அருமையான யோசனை. மறைவுக்கு ஓர் ஓட்டை இருந்தால்தான் கதைக்கு உயிர் இருக்கும். 2020இல் லீ வானெல் எடுத்த ‘தி இன்விசிபிள் மேன்’ சுமார் 70 லட்சம் டாலரில் முடிந்தது. ஹாலிவுட் கணக்கில் இது சில்லறை. அதில் பயமுறுத்தியது கணினி வேலை அல்ல, கேமரா. காலியான மூலையை நோக்கி அது மெல்லத் திரும்பி, அங்கேயே நிற்கும். அங்கே யாரோ இருக்கிறார்கள் என்று பார்வையாளரே முடிவு செய்துகொள்வார்.

மாயாவிக்கு இந்த வழி அப்படியே பொருந்தாது. இங்கே மூலை காலியாக இல்லை. ஒரு கை இருக்கிறது. எனவே பயத்தின் கணக்கே மாறுகிறது. எங்கே இருக்கிறான் என்ற கேள்வி இல்லை. என்ன செய்யப்போகிறான் என்ற கேள்விதான். மேசை விளிம்பில் பளபளக்கும் அந்தப் பொருள் பூட்டா, கத்தியா, கையா என்று ஒரு நொடி தடுமாற வேண்டும். கை தரையோடு ஒட்டிக் கிடக்கலாம், கோட்டு மாட்டும் கம்பத்தில் தொங்கலாம், அருங்காட்சியகத்துக் கவச உடையின் கையாக நிற்கலாம். மறைந்த மனிதன் பொருள்களுக்கு நடுவே தன் கையை ஒரு பொருளாகவே வைத்துக்கொண்டு மூச்சடக்கி நிற்பது வேறு எந்த நாயகனுக்கும் வாய்க்காத காட்சி.

அந்தக் கையைக் கணினியில் மட்டும் உருவாக்கினால் எடை இருக்காது. 1991இல் வந்த ‘தி ஆடம்ஸ் ஃபேமிலி’ படத்தில் தனியே ஓடித் திரியும் கையாக நடித்தவர் கிறிஸ்டோபர் ஹார்ட் என்ற மேஜிக் கலைஞர். உடலைப் பிறகு அழித்தார்கள். விரல்களின் நடிப்பு அவருடையது. பின்னாளில் வந்த ‘வெட்னஸ்டே’ தொடரிலும் இந்த வேலைக்கு மேஜிக் கலைஞர் ஒருவரையே தேர்ந்தெடுத்தார்கள். சோம்பல், எரிச்சல், சந்தேகம் என்று விரல்களால் மட்டுமே காட்டத் தெரிந்தவர் இந்தப் படத்துக்குத் தேவை. உண்மையான உலோகக் கையுறை, உண்மையான கனம், எடுக்கும்போது மேசையில் படும் ஒலி. அந்தக் காலத்துச் செயற்கைக் கைகள் தோளிலிருந்து கம்பி இழுத்து இயக்கும் எளிய கருவிகள். கிராண்டேலின் கை அதைவிட எத்தனையோ மேம்பட்டது. ஆனாலும் தோளை ஒரு தரம் அசைத்த பிறகே விரல் மடங்கும் என்று வைத்தால் அது மந்திரக் கையாக இல்லாமல் இயந்திரக் கையாகத் தெரியும்.

நடிகர் விஷயத்தில் 1933ஆம் ஆண்டுப் படம் துணிந்ததை இன்றும் துணிய வேண்டும். அதில் கிளாட் ரெய்ன்ஸின் முகம் கடைசிக் காட்சியில்தான் தெரியும், அதுவரை குரல்தான். அந்தக் குரலாலேயே அவர் நட்சத்திரமானார். கிராண்டேலின் முகம் தொடக்கத்தில் தெரியும், பிறகு அபூர்வமாகும். முகம் திரும்பும் ஒவ்வொரு தடவையும் இளைத்திருக்க வேண்டும். பெரிய நட்சத்திரத்தைப் போட்டால் அவர் முகத்தைக் காட்ட மறையாத காட்சிகள் பெருகும். பெயர் தெரியாத, குரல்வளம் மிக்க நாடக நடிகரே இதற்குச் சரி.

பாரிங்கருக்கு நல்ல பழைய நடிகர் ஒருவர் போதும். மூலத்தில் பெண் பாத்திரங்கள் இல்லாதது ஒரு குறை. சிறுவர் இதழ்களின் அன்றைய வழக்கம் அது. காதலியைச் சேர்ப்பதைவிட, அவன் குடியிருக்கும் அறைக்கு வாடகை வசூலிக்கும் வீட்டுக்காரம்மாவைச் சேர்க்கலாம். மின்கட்டணம் ஏன் இப்படி ஏறுகிறது என்று முதலில் சந்தேகப்படுகிறவர் அவராக இருப்பார்.

அறிவியல் பிழைகளைச் சரிசெய்யத் தேவையில்லை. கண்ணின் விழித்திரையும் ஒளியைத் தடுக்காமல் விட்டால் மறைந்த மனிதன் குருடனாகத்தான் இருப்பான் என்று ரஷ்ய அறிவியல் எழுத்தாளர் யாக்கோவ் பெரல்மான் வெல்ஸின் நாவலைப் பற்றி எழுதினார். சரியான வாதம்தான். அதைக் கேட்டு யாரும் நாவலைக் கீழே வைக்கவில்லை. துணியும் சேர்ந்து மறைவது எப்படி என்றும் கேட்கலாம். வெல்ஸின் நாயகன் குளிரில் துணியின்றித் திரிந்தான். பிளாஸ்கோ அந்தத் தொல்லையே வேண்டாம் என்று விட்டுவிட்டார்.

ஆனால் ஒரு கேள்வியைப் படம் தட்டிக்கழிக்க முடியாது. எஃகுக் கை பொருத்தப்பட்டதுதானே? கழற்றி வைத்துவிட்டால் முழுதாக மறைந்துவிடலாமே? இதற்குப் பதில் சொல்வதில்தான் திரைக்கதையின் முதுகெலும்பு இருக்கிறது. மின்சாரம் உடலுக்குள் நுழையும் வாசல் அந்தக் கை. எஃகு வழியே வரும்போது உடல் தாங்குகிறது. சதை வழியே வந்தால் உயிர் போகலாம். கை இல்லாமல் முழுதாக மறையலாம், ஆனால் பூட்டை உடைக்க முடியாது, பெட்டியைத் தூக்க முடியாது. அதற்கும் மேல், ஊர் முழுக்க அவனுக்குப் பெயர் வாங்கித் தந்தது அந்தக் கைதான். பத்திரிகைகள் எழுதுவது கையைப் பற்றி. திருடனுக்கும் புகழ் ஆசை உண்டு.

இங்கிருந்து முடிவு கிடைக்கிறது. மின்வெட்டு இரவில் கிராண்டேல் பிடிபடுகிறான். போலீஸ் அதிகாரி முறைப்படி கையைக் கழற்றி, சான்றுப் பொருளாக முத்திரையிட்டுப் பூட்டுகிறார். அவனை அடையாளம் காட்டிய ஒரே பொருளைத் தாமே நீக்கிவிட்டோம் என்பது அவருக்குத் தோன்றவில்லை. மின்சாரம் திரும்புகிறது. சிறை அறையில் ஒரு விளக்கு எரிகிறது. அந்த விளக்கின் கம்பியைச் சதைக் கையால் தொட்டால் சாகலாம், அல்லது இனி எவராலும் கண்டுபிடிக்கவே முடியாதவனாகலாம். அவன் தொடாமல் உட்கார்ந்திருப்பதைக் காட்டி முடித்தால் அது திருந்திய மனிதனின் கதை. மூலத்தில் அவன் நல்லவனாக மாறியதற்கு இதைவிட நம்பத்தகுந்த காரணம் தேட வேண்டியதில்லை.

விடவேண்டியவை இன்னும் சில. 1960களின் பிற்பகுதியில் அமெரிக்க நாயகர்களைப் பார்த்து அவனுக்கும் கொஞ்ச காலம் இறுக்கமான சீருடை மாட்டிவிட்டார்கள்; அந்தக் காலகட்டத்தை மறந்துவிடலாம். விரல் துப்பாக்கியும் வேண்டாம். அடுத்த படத்துக்கு விளம்பரமாகக் கடைசியில் ஒட்டப்படும் துண்டுக் காட்சியும் வேண்டாம். 100 நிமிடத்துக்கு மேல் போனால் கதை இழுவையாகிவிடும். வண்ணத்தில் எடுப்பதா, கறுப்பு வெள்ளையிலா என்றால், பிளாஸ்கோவின் மையும் 1962இன் புகையும் கறுப்பு வெள்ளையைத்தான் கேட்கின்றன. எந்தத் தயாரிப்பாளரும் ஒப்புக்கொள்ள மாட்டார் என்பது வேறு விஷயம்.

தமிழில் இந்தப் பெயருக்கு இருக்கும் மவுசு குறையவில்லை. இயக்குநர் லோகேஷ் கனகராஜ் ‘இரும்புக்கை மாயாவி’ என்ற பெயரில் படம் எடுக்கும் விருப்பத்தைப் பேசி வந்திருக்கிறார். மிஷ்கினின் ‘முகமூடி’ 2012இலேயே தமிழுக்கு ஒரு சூப்பர்ஹீரோவைத் தேடியது. ஆனால் மூலக்கதையை அதன் பாத்திரங்களோடு எடுப்பதானால் வாசல் இங்கிலாந்தின் ஆக்ஸ்போர்டில் இருக்கிறது. பழைய பிளீட்வே கதைகளின் உரிமையை 2016இலும் 2018இலும் இரண்டு தவணையாக வாங்கிய ரெபெல்லியன் நிறுவனம் அந்த ஊரில்தான் இயங்குகிறது. 2012ஆம் ஆண்டு ‘டிரெட்’ படத்தின் நாயகனும் அவர்கள் கையில்தான் இருக்கிறான். கிராண்டேலின் முதல் கதைகளை அவர்கள் 2021இல் புத்தகமாக வெளியிட்டுவிட்டார்கள். படம் எடுக்க நினைப்பவர் முதலில் படிக்க வேண்டியது அந்தப் புத்தகத்தை.